இரண்டு பேர் மலையில் நிற்பார்கள்

யுத்தம் தொடங்கிய செய்தி தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்கு, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில்தான் வந்து சேர்ந்தது. விடிந்தும் விடியாத நேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த கங்காணி, கலாராணியின் பேரைச் சொன்னதும் அடுத்த பேருக்குப் போகாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்க மக இருக்கிறது இஸ்ரேல்தானே? ஈரான்காரனோட முட்டிக்கிச்சாம். இந்தத் தடவ சின்னச் சண்ட இல்லங்கிறாங்க."

கலாராணி இடுப்பில் மழைக்குக் கட்டும் படங்குச் சாக்கை இன்னொரு சுற்று இறுக்கினாள். பக்கத்தில் நின்ற ரத்தினம்மாதான், "ஸ்தோத்திரம். தொடங்கிருச்சு பாத்தீங்களா அக்கா" என்று காதோரம் சொன்னாள். அந்தக் குரலில் பயம் இல்லை. கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிறவளின் அவசரம்தான் இருந்தது.

இரண்டு பேரும் ஒரே ஜெப சபைக்குப் போகிறவர்கள். கலஹா ரோட்டுக்குக் கீழே, பழைய மாட்டுப்பட்டி இருந்த இடத்தில் தகரம் போட்டுக் கட்டிய சின்னக் கூடம் அது. கலாராணிக்குக் கர்ப்பப்பையை எடுத்துக் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொந்தம் என்று சொல்லிக்கொண்ட ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ரத்தினம்மாவும் பாஸ்டர் திவாகரனும்தான் பஸ் ஏறிக் கஞ்சி கொண்டுவந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்கள். அவள் சபையில் சேர்ந்தது அதற்குப் பிறகு. புருஷன் வீரையா தேயிலை ஃபெக்டரியில் இலை வாட்டும் தட்டில் வேலை செய்கிறவன். அவன் மாரியம்மன் கோயிலை விடவில்லை. அவளைத் தடுக்கவும் இல்லை.

ஒரே மகள் நிலூஷா. பல்லேகல கார்மென்ட்ஸில் கண் எரியத் தைத்தவள், பாஷை படித்து, பரீட்சை எழுதி, வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இஸ்ரேலில் ஹைஃபாவுக்குப் போனாள். கடலைப் பார்த்த பழைய மாடி வீடு. நாலாவது மாடி. அங்கே மிரியம் என்ற ஒரு கிழவி, சக்கர நாற்காலியில்.

அன்று மத்தியானம் கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு கலாராணி தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை மேட்டுக்கு ஓடினாள். அங்கேதான் சிக்னல் சரியாகப் பிடிக்கும். நிலூஷா உடனே எடுத்தாள்.

"பயப்பிடாதீங்கம்மா. குண்டு வருதுன்னா சங்கு ஊதுறாங்க, அப்ப மட்டும் கீழ போயிடணும். பங்கர் கீழதான்."

"அந்தப் பெரியம்மா?"

"அவுங்கள லிஃப்ட்லதான் கொண்டு போகணும். சங்கு ஊதுனா லிஃப்ட நிப்பாட்டிருவாங்க."

"அப்ப என்னாடி செய்வ?"

"படிக்கட்டுல வச்சுக்கிட்டு இருப்போம். அங்க ஜன்னல் இல்ல, கண்ணாடி ஒடஞ்சு விழாது."

கலாராணி சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ ஓடிரு புள்ள. சத்தம் கேட்டா நீ கீழ ஓடிரு. அவுங்க வாழ்ந்து முடிச்சவங்க."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தாள்.

"விட்டுட்டுப் போகச் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டாள் நிலூஷா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. "நான் எழுந்திரிச்சாலே என் கையப் புடிச்சுக்கிறாங்க. வெரல் ஐஸ் மாதிரி இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை சபையில் உட்கார இடமில்லை. வத்தேகமவிலிருந்துகூட ஒரு வேன் வந்திருந்தது. தகரத்தில் மழை இரைந்ததால் பாஸ்டர் மைக்கை உதட்டோடு வைத்துப் பேசினார். அவருடைய பேச்சு இந்த மலைப் பேச்சு இல்லை. அவருடைய தாய் தகப்பன் இந்தத் தோட்டத்து ஆட்கள்தான். இனக் கலவரத்தில் அவர்களுடைய லயத்து வரிசை வீடு எரிந்ததும் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர்கள். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்து, அங்கே நடந்த யுத்தம் முடிந்த பிறகு தனியாக இங்கே வந்தார்.

"வேதத்தில பெர்சியா எண்டு இருக்கிறது எந்த நாடு? இண்டைக்கு ஈரான். கடைசிக் காலத்து முத்திரைகள் உடையுது. எக்காளம் எந்த நேரமும் தொனிக்கலாம். நீங்கள் ரெண்டு பேர் மலையில நிண்டு கொழுந்து எடுத்துக்கொண்டு இருப்பியள். ஒருத்தி பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவா. மற்றவ கைவிடப்படுவா. கூடை இருக்கும், ஆள் இராது. செருப்பு இருக்கும், கால் இராது. திரும்பிப் பாப்பியள், உங்களோட கதைச்சுக்கொண்டு நிண்டவ இருக்கமாட்டா."

பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். பாஸ்டரின் கண் கூட்டத்தில் தேடி, கலாராணியிடம் வந்து நின்றது.

"கலாராணி அக்கா எழும்புங்கோ. இந்தச் சபையின்ர பிள்ளை ஒண்டு அந்த மண்ணில நிக்குது. ஆண்டவர் சும்மா கொண்டுபோய் வைக்கேல்ல. காவல் காக்கிற ஜாமக்காரியா வச்சிருக்கிறார். வாற ஞாயிறு அக்கா சாட்சி சொல்லுவா. இந்த யுத்தத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லுவா."

கூட்டம் ஸ்தோத்திரம் என்றது. கலாராணியின் வாயும் சொன்னது. சொல்லிவிட்டு அவள் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், வேறு யாரோ அதை அசைத்த மாதிரி.

அதற்கடுத்த நாளிலிருந்து நிலூஷாவின் போன் வேலை செய்யவில்லை.

சபையில் உபவாசம் போட்டார்கள். ரத்தினம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மலைக்கு வந்தாள். முகம் மட்டும் பளபளவென்றிருந்தது. கலாராணிக்கு உபவாசம் என்று ஒன்று தேவைப்படவில்லை. ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தால் மாவு மாவாகவே கிடந்தது. வீரையா சம்பலை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைப்பான். ஒரு நாள் மட்டும், "ஒங்க பாஸ்டர் சண்ட பெருசாகணும்னு கேக்குறாரா, நிக்கணும்னு கேக்குறாரா?" என்று கேட்டான்.

"எழுதியிருக்கிறது நடக்கணும்னு கேக்குறாரு."

"நான் கோயில்ல வௌக்குப் போட்டுட்டு வந்தேன். எனக்கு எழுதுனதெல்லாம் தெரியாது. புள்ள வந்துறணும்னு மட்டும் சொன்னேன்."

போனுக்கு ரீலோட் போட அவள் கலஹா டவுனுக்கு இறங்கினாள். கடைக்கார சாஹுல் ஹமீது டீவியில் செய்தி வைத்திருந்தார். கறுத்த வானத்தில் வெளிச்சக் கோடுகள் ஏறி ஏறி அவிந்துகொண்டிருந்தன. அவளைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்தார்.

"மகள் எப்பிடி ஈக்கிறா? கோல் வந்தா?"

"இல்லீங்க நானா. ரிங் போகுதில்ல."

"எண்ட மருமகன் தோஹாவுல. அவன்ட தலைக்கு மேலாலயும் பறக்குதாம்." அவர் பெருமூச்சு விட்டார். "எங்கட பள்ளி ஹஸரத்தும் உலகம் முடியிற கியாமத் நாள் கிட்ட வந்திட்டெண்டுதான் செல்றார். எல்லாரும் அதத்தான் செல்றாங்க. எந்தப் பக்கத்துல விழுந்தாலும் அங்க நம்மட புள்ளகள்தான் கோப்ப கழுவிக்கிட்டு நிக்கிறாங்க."

அடுத்த நாள் காலை அவர்களை மேல் மலைக்கு விட்டார்கள். காட்டை ஒட்டிய உச்சி மலை அது. மழை விட்டிருந்தது, ஆனால் மேகம் தரையில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. நாலு செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் குரல் கொடுத்துக்கொண்டே நிரை பிடித்து ஏறினார்கள். ரத்தினம்மா பக்கத்து நிரையில் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழமைக்கு என்னா சொல்லப் போறீங்க?"

"என்னா சொல்றதுன்னு தெரியலடி."

"இங்கேருந்து போற நாள் வந்துருச்சுன்னு சொல்லுங்க. அட்டக்கடியும் இல்ல, பேர் கூப்பிடுறதும் இல்ல. நான் அதத்தான் நெனச்சுக்கிட்டே எடுக்குறேன்."

அந்த மலையின் தலைமாட்டில் ஒரு கரும்பாறை உண்டு. அதில் ஏறினால் சில வேளை சிக்னல் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கங்காணி கீழே போன சமயம் பார்த்து, "கூடையப் பாத்துக்கடி, இந்தா வந்துர்றேன்" என்று ரத்தினம்மாவிடம் சொல்லிவிட்டுக் கலாராணி மேலே ஏறினாள். பாறைக்கு அந்தப் பக்கம் ஓடை. மழைத் தண்ணீர் வெள்ளமாக இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் நின்று மகளின் நம்பரை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு பெண் குரல் சிங்களத்தில் ஏதோ சொல்லி முடித்துக்கொண்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நீண்ட, ஒரே மூச்சில் ஊதுகிற சத்தம். எந்தத் திசை என்று சொல்ல முடியாதபடி மேகம் முழுவதிலிருந்தும் வந்தது. ஃபெக்டரிச் சங்கு ஊதுகிற நேரம் அது இல்லை. ஊதி, ஓய்ந்து, மறுபடியும் ஊதியது.

கலாராணி பாறையிலிருந்து சறுக்கி இறங்கினாள்.

நிரையில் யாரும் இல்லை.

அவளுடைய கூடை வைத்த இடத்தில் இருந்தது. பக்கத்தில் ரத்தினம்மாவின் கூடை சாய்ந்து கிடந்தது. கொழுந்து பாதி கொட்டியிருந்தது. அதற்கப்பால் கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு ஒன்று, செடியின் மேல் போட்டது போட்டபடி. ஒரு செருப்பு. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு கூடை, இன்னொன்று. எல்லாமே அந்தந்த நிரையில், ஆள் நின்ற இடத்தில்.

"ரத்தினம்" என்று கூப்பிட்டாள். மேகம் அதை விழுங்கிக்கொண்டது. "அடியே, ரத்தினம்."

மேலே, வெள்ளைக்குள், ஏதோ ரீங்காரம் போனது. மெல்லியதாக, ஆயிரம் சிறகு அடிக்கிற மாதிரி. தூரத்தில் சங்கு மூன்றாவது முறை ஊதியது.

அவள் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். ஓ, நடந்துவிட்டது, என்று நினைத்தாள். பாறையில் ஏறி இறங்குகிற நேரத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது. எல்லாரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் ஒருத்தியைத் தவிர. இனி லயத்துக்குப் போனால் அடுப்பு எரியும், ஆள் இருக்காது. தொட்டிலில் துணி கிடக்கும், பிள்ளை இருக்காது.  அழவேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

அழுகை வரவில்லை. வந்தது வேறொரு யோசனை. நிலூஷாவும் போயிருக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறவள், ஜெபக் கூட்டத்துக்குப் போய் எத்தனையோ மாதம். அந்தப் பெரியம்மா சிலுவையையே ஏற்றுக்கொள்ளாத இனம். அவர்களை யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். அப்படியென்றால் அந்தப் படிக்கட்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். இங்கே நான் இருக்கிறேன். போன் வந்தால் எடுக்க ஆள் இருக்கிறது.

அந்த நினைப்பு வந்ததும் உடம்பு லேசானது. பல நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. "நான் இங்கயே இருந்துக்கிறேன் ஆண்டவரே" என்று சத்தமாகச் சொன்னாள். "என்னையத் தேடாதீங்க."

கழுத்தில் நெருப்பு வைத்த மாதிரி ஒன்று கொட்டியது. பிறகு காதில். கையால் பிடுங்கிப் பார்த்தபோது விரலுக்கிடையில் மஞ்சளும் கறுப்புமாக ஒன்று துடித்தது.

குளவி.

அந்த வலியில்தான் உலகம் அவளுக்குத் திரும்பி வந்தது. படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு தேயிலைச் செடிக்கடியில் குப்புற ஊர்ந்து போய்ப் படுத்தாள். மண்ணும் வேரும் மணத்தன. தீப்பந்தத்தோடு ஆண்கள் மேலே வரும் வரைக்கும் அசையவில்லை.

காட்டோரத்து மரத்தில் குரங்கு ஒன்று குளவிக் கூட்டை உலுப்பிவிட்டிருந்தது. பெண்கள் கத்திக்கொண்டு பள்ளத்தில் ஓடியிருக்கிறார்கள். ஓடை இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. லொறியைக் கூப்பிடத்தான் ஃபெக்டரியில் சங்கு ஊதியிருக்கிறார்கள். ரத்தினம்மா மட்டும் ஓடாமல் பாறைப் பக்கமாக ஏறி, "அக்கா, அக்கா" என்று தேடியிருக்கிறாள். அவளைத்தான் அதிகமாகக் கொட்டியிருந்தது. மயங்கி மழைத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய முகம் பூசணி மாதிரி வீங்கி, கண் இரண்டும் மூடிக் கிடந்தன. சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. உயிருக்குப் பயமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். கலாராணியின் குரல் கேட்டதும் வீங்கிய உதட்டைப் பிரித்து, "நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சேன் அக்கா. என்னைய விட்டுட்டு எடுத்துக்கிட்டாங்கன்னு" என்றாள்.

"நானும் அப்பிடித்தாண்டி நெனச்சேன்."

ரத்தினம்மாவின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "பயமா இருந்துச்சு அக்கா. ஆசையா இருக்கும்னு நெனச்சேன். பயமாத்தான் இருந்துச்சு."

பாஸ்டர் வந்து தலையில் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டு வெளியே வந்தார். கொரிடோரில் போட்டிருந்த மர வாங்கில் கலாராணி உட்கார்ந்திருந்தாள். அவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"ஞாயிறு சாட்சிக்கு இதையும் சேர்த்துச் சொல்லலாம் அக்கா. ஆண்டவர் ஒரு முன்னடையாளம் காட்டியிருக்கிறார்."

"பாஸ்டர், நான் கோவிச்சுக்கிட்டுச் சொல்லல. எனக்குச் சாட்சி சொல்ல ஏலாது."

"ஏன் அக்கா?"

"எல்லாரும் போயிட்டாங்கன்னு நெனச்சப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, நான் போகலன்னு." அவள் கழுத்து வீக்கத்தைத் தடவிக்கொண்டாள். "சண்ட நிக்கணும்னு ஒரு வார்த்த ஜெபத்துல சொல்லுங்க. அது போதும் எனக்கு."



"எழுதினதுக்கு எதிரா எப்பிடி அக்கா கேக்கிறது."

"நீங்க கிளிநொச்சிப் பக்கம், வன்னியில பங்கருக்குள்ள இருந்தவங்கதானே. அப்ப ஸ்தோத்திரம் சொன்னீங்களா?"

கேட்டிருக்கக்கூடாதோ என்று உடனே தோன்றியது. ஆனால் அவர் கோபப்படவில்லை. மிகவும் சாதாரணமாக, பஸ் நேரம் சொல்கிற குரலில் சொன்னார்.

"என்ர மனிசியும் சின்னவளும் கஞ்சிக்கு வரிசையில நிக்கேக்க ஷெல் விழுந்தது. சின்னவளுக்கு அப்ப பேசவும் வராது. பிறகு முகாமில இருக்கேக்க ஒரு ஐயா வேதம் தந்தார். அதில எல்லாம் இருந்தது அக்கா. பஞ்சம் இருந்தது, நெருப்பு இருந்தது, ரத்தமான கடல் இருந்தது. எல்லாம் வர வேணும் எண்டு இருந்தது. இது முடிவின்ர ஆரம்பமா இருந்தா அதுகள் போனதுக்கு ஒரு காரணம் இருக்கு. இல்லையெண்டா..." அவர் நிறுத்திக்கொண்டார். "இல்லையெண்டா அதுகள் சும்மா செத்ததுகள். அத என்னால தாங்க ஏலாது."

கலாராணி கொண்டுவந்திருந்த போத்தலில் இருந்த தேயிலைச் சாயத்தண்ணியை மூடியில் ஊற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

சனிக்கிழமை பின்னேரம் பாஸ்டர் லயத்துக்கு வந்தார். சாட்சி பற்றிப் பேச வரவில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றார். வீரையா ஃபெக்டரியிலிருந்து வந்து அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தான். சபைக்குப் போகாதவன் என்றாலும் அவருக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டான். வெளியே மேகம் லயத்துக் கூரைவரை இறங்கியிருந்தது. நாய்கள்கூடச் சத்தமில்லை.

ஜன்னல் கட்டையில் நிறுத்தி வைத்திருந்த போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். கலாராணி எடுத்ததும் திரையில் பிள்ளையின் முகம் வந்தது.

"அம்மா, இது கீழ் வீட்டுப் புள்ளையோட போன். என்னோடது ஒடஞ்சு போச்சு. பக்கத்து ரோட்டுல விழுந்துச்சு, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. கரண்ட் இப்பத்தான் வந்துச்சு."

"சாப்பிட்டியாடி? அவுங்க சாப்பிட்டாங்களா?"

"சூப் குடுத்தேன். இருங்க, காட்டுறேன்."

கிழவியின் முகத்தைக் காட்டினாள். வெள்ளை முடி, சின்னக் கண். எங்கேயோ பார்த்துச் சிரித்தது.

அந்தச் சிரிப்பின் நடுவிலேயே அது எழும்பியது. கீழிருந்து மேலே ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறுகிற ஊளை. போனின் சின்ன வாய் வழியாக வந்து அந்த எட்டடிக் காம்பரா அறையை நிரப்பியது.

"சங்கு ஊதுது. வச்சிடாதீங்கம்மா" என்றாள் நிலூஷா. போனைக் கிழவியின் மடியில் போட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளுவது தெரிந்தது. திரையில் கூரை ஓடியது. கதவு நிலை ஓடியது. பிறகு மங்கலான படிக்கட்டுச் சுவர். கிழவியின் விரல்கள் திரையை மூடின. வெளுத்த, நரம்பு ஓடின விரல்கள்.

கலாராணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, பயப்பிடாதீங்க. எம் புள்ள ஒங்க பக்கத்துலதான் இருக்கா. நான் இங்கதான் இருக்கேன்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பின்னால் தட்டென்று கதிரை விழுந்தது. திரும்பிப் பார்த்தாள்.

பாஸ்டர் தரையில் கிடந்தார். சாணி மெழுகிய தரையில் முகம் புதைத்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்தி, முழங்காலை வயிற்றோடு மடக்கி. வலது முழங்கைக்குக் கீழே, ஒரு சின்ன உடம்பு இருக்க வேண்டிய அளவுக்கு, இடம் விட்டு வளைந்து படுத்திருந்தார்.

போனுக்குள் எங்கோ ஒன்று வெடித்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஒரு பெரிய கதவைத் தூரத்தில் அடித்துச் சாத்தின மாதிரி. பிறகு இன்னொன்று, கிட்ட. திரை கறுத்தது. வீரையா மாவுக் கையோடு வாசலில் நின்றான்.

"போதும்" என்றார் பாஸ்டர், தரையோடு. பிரசங்கத்துக் குரல் இல்லை அது. "போதும் ஆண்டவரே. நிப்பாட்டும். காணும். நிப்பாட்டும்."

அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கலாராணி போனை விடாமல் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு கையை எடுத்து அவருடைய முதுகில் வைத்தாள். சட்டைக்கு மேலாகவே நடுக்கம் கைக்கு ஏறியது. அடுப்பில் ரொட்டி கருகும் மணம் வந்தது. வீரையா அதைக் கவனிக்கவில்லை.

எவ்வளவு நேரமோ. திரையில் ஒரு வெளிச்சம் அசைந்தது. இருமல் கேட்டது.

"அம்மா? இருக்கீங்களா?"

"இருக்கேன். இருக்கேன் புள்ள."

"முடிஞ்சிருச்சு. கடல் பக்கமா விழுந்திருக்கும்போல. மிரியம் சவ்தா என் கைய விடுறாங்க இல்ல." நிலூஷா காது கொடுத்துக் கேட்டாள். "அங்க யாரும்மா அழுவுறது? அப்பாவா?"

கலாராணி தன் கைக்குக் கீழே கிடந்தவரைப் பார்த்தாள்.

"இல்ல. நம்ம பாஸ்டர் வந்திருக்காரு" என்றாள். "சண்ட நிக்கணும்னு ஜெபம் பண்றாரு."